பதினான்காம் வரிசை

பார்டபெர்க் மலை அடிவாரம்.
பந்தல் இல்லை, குழாய் இல்லை.
இடுப்புயரப் புதராக ஸ்டீன் திராட்சைக் கொடிகள்,
பேச்சுவார்த்தை முறிந்த பங்காளிகள்போல
ஒன்றையொன்று தொடாத தூரத்தில்.

மூன்றாவது வருஷமும் மழை பொய்த்தது.
ஆளுக்கு ஐம்பது லிட்டர் என்று
கடைவாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
அணைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்
சொட்டுநீர்க் குழாய்கள்
செத்த பாம்புகளாய்க் கிடந்தன.

பட்டுப்போன கொடிகளின் இடத்தில்
ஆகஸ்ட் குளிரில் ஆறு கன்றுகள் நட்டோம்.
நட்ட அன்று ஆளுக்கொரு வாளி. அவ்வளவுதான் கணக்கு.
"அதற்குமேல் வேர் பாடு, பாறை பாடு.
வா, மீட்டா" என்றான் மேஸ்திரி அப்போலிஸ்.

பதினான்காம் வரிசையில், கடைசிக்கு முந்தையது
கொஞ்சம் கோணல்.
எனக்கு மனசு கேட்கவில்லை.
பிள்ளைகள் இருவரும் குளித்த தண்ணீரை
நுரை அடங்கியதும் பால் டப்பாவில் மொண்டு
பொழுது சாய்ந்தபின் நடந்தேன்.
தினமும் ஒரு டப்பா.
நாய் குரைக்காது, அதற்கு என்னைத் தெரியும்.

வரிசையிலேயே அதுதான் பச்சை.
அப்போலிஸ் குனிந்து மண்ணைத் தொட்டான்,
விரலை முகர்ந்தான்,
ஒன்றும் சொல்லாமல் போனான்.

பிப்ரவரியில், அறுவடைக்கு நடுவே,
இளையவளுக்குக் காய்ச்சல்.
எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.
திரும்பி வந்தபோது
மற்ற ஐந்தும்
சிறுத்துத் தடித்த இலைகளோடு
வெயிலை முறைத்துக்கொண்டு நிற்க,
என்னுடையது
கை பட்டதும் நொறுங்கியது.

இழுத்தேன்.
பால்பல் மாதிரிச் சுலபமாக வந்தது.
கீழே இறங்கவே இல்லை அது.
ஒரு சாண் ஆழத்தில், மேற்கே,
நான் வந்து நிற்கும் பக்கமாக
அத்தனை வேரும்
கையேந்திக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கிழட்டுக் கொடியில்
இந்த வருஷம் மூன்றே கொத்து,
ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு.
ஒரு பழத்தைக் கடித்தேன்.
தோல் தடிப்பு, சாறு கொஞ்சம்.
இனிப்போ நாக்கில் உட்கார்ந்து
எழுந்திருக்க மறுத்தது.
எங்கே போய்க் குடிக்கிறது இது,
எந்தக் கல் இடுக்கில், யார் காலத்து மழையை?
அதன் வேரை ஒருவரும் பார்த்ததில்லை.

காய்ந்த கன்றை
அடுப்புக்கு என்று சொல்லி எடுத்துப்போனேன்.
எரிக்கவில்லை.
ஜன்னலோரம் இருக்கிறது, வேர் மேலாக.

அடுத்த ஆகஸ்டில் அதே குழியில் இன்னொன்று.
ஒரே ஒரு வாளி.
அதற்குப் பிறகு
மாலை நேரங்களில் இந்தக் கைகளை
எங்கே வைத்துக்கொள்வதென்றுதான் தெரியவில்லை.