நாற்பத்திரண்டு பக்கம்

ஜெலுத்தோங் கடலோரம், பதினெட்டு மாடி.
என் வேலை வாரம் ஓர் அறிக்கை:
நாற்பத்திரண்டு பக்கம்,
நிறம் பூசிய வரைபடம், கெட்டி அட்டை.
கட்டடம் ஏழாவது மாடியில் நிற்கும்போது
என் அறிக்கை ஒன்பதாவதில் நிற்கும்.
அதற்குத் திட்டமிடல் என்று பெயர்.

பழைய மேலாளருக்குக் குரல் இருந்தது.
கேபினில் ஏர்கோன் இருந்தது.
"முடியுமா?" என்று உள்ளேயிருந்து கேட்பார்.
"போலெ, பாஸ்" என்று
ஐந்து நாட்டுக்காரர்கள் ஒரே வாயாகச் சொல்வோம்.
முடியாததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும்.
ஞாயிறு நிரம்பினால் அடுத்த மாதத்துக்கு.

அவருக்குப் பின் தேவகுஞ்சரி வந்தார்.
முதல் நாள் யாரையும் கூப்பிடவில்லை.
ஏழாம் மாடியில், பலகைமேல்
சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு
அதற்குள் நின்றார்,
எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை.
"வெயில் தலைக்கேறிவிட்டது" என்றார் பம்ப்காரர்.
கோப்பி ஓ கொடுக்கும் சாக்கில்
நான் போய்ப் பார்த்தேன்.

அவர் ரஃபீக்குலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கட்டுக்கம்பி தீர்கிறது.
ஏழு மாடி இறங்குகிறான்.
ஸ்டோர் பூட்டியிருக்கிறது.
சாவிக்காரர் சவரிமுத்துவைத் தேடுகிறான்,
கையெழுத்துப் போடுகிறான், ஏறுகிறான்.
நான்கு முறை.
"இவர் இன்றைக்குக் கம்பி கட்டியது எவ்வளவு நேரம்?"
எனக்குத் தெரியவில்லை.
என் நாற்பத்திரண்டு பக்கத்தில்
ரஃபீக்குல் எங்குமே இல்லை.

மறுநாள் ஸ்டோர் கதவைக் கழற்றினார்கள்.
கட்டுக்கம்பி ஒரு பிஸ்கட் டின்னில் ஏறி
அவன் இருக்கும் மாடிக்கே போய்ச் சேர்ந்தது.
சவரிமுத்து தன் சாவிக்கொத்தோடு
இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை.

பிறகு ஏழேகால் கூட்டம். நாற்காலி கிடையாது.
சுவரில் மஞ்சள் தாள்கள்.
அவரவர் வாக்கை அவரவரே எழுத வேண்டும்.
எழுத வராத கிரேன்காரர் தில்பகதூர்
ஒரு கொக்கி வரைந்து ஒட்டினார்.
பலகை வேலை பாக் சுகெங் மட்டும்
பேனாவைத் தொடவில்லை.
"வியாழன் பன்னிரண்டாம் மாடி வார்ப்பு. தயாரா?"
அவர் பூட்ஸைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"தாக் போலெ. முடியாது."

தவுக்கே தியோவின் கழுத்து சிவந்தது.
தேவகுஞ்சரி பேனாவை மூடினார்.
"ஏன்?"
முட்டு போதவில்லை.
"ஏன்?"
ஒன்பதாம் மாடி முட்டு இன்னும் பிரிக்கவில்லை.
"ஏன்?"
கனசதுரச் சோதனை முடிவு கைக்கு வரவில்லை.
"ஏன்?"
அது வெள்ளிக்கிழமை, அறிக்கையோடு வரும்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.
முடிவு திங்களே வந்துவிட்டிருந்தது.
என் மேசையில், சுத்தமான கோப்பில்,
முப்பத்தொன்றாம் பக்கமாக
அமர்ந்திருந்தது.

அடி விழும் என்று நின்றேன்.
"இப்போதாவது தெரிந்ததே" என்றார்.
கொஞ்சம் கழித்து, என் பக்கம் பார்க்காமல்,
"இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?"
யோசித்துப் பார்த்தேன்.
நானும், நகலெடுக்கும் இயந்திரமும்.

வியாழன் வார்க்கவில்லை. சனிக்கிழமை வார்த்தோம்.
பாலத்து நெரிசலில் ஒரு லோரி
இறுகிப்போய்த் திரும்பியது.
மழை வந்தது. சுகெங்கின் முட்டு அசையவில்லை.
மொத்தக் கட்டடம் ஒன்பது நாள் தாமதம்.
பழைய கணக்கில் அது ஐந்து மாதம்.
யாரும் விழவில்லை, யார் விரலும் போகவில்லை.
திறப்பு விழாவில் இதை யாரும் சொல்லவில்லை;
நீரூற்றைப் பற்றிப் பேசினார்கள்.

என் அறிக்கை ஒரு பக்கமாகச் சுருங்கியது.
முதல் வரி: இன்று முடியாதவை.

இப்போது நான் பாயான் லெப்பாஸில்,
வேறு கம்பெனி, வேறு கோபுரம்.
புது மேலாளருக்கும் நல்ல குரல்.
"மாதக் கடைசிக்குள் கூரை. முடியுமா?"
அறையில் எல்லோரும் தலையாட்டி முடித்து
எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

நான் என் பூட்ஸைப் பார்க்கிறேன்.