நேற்றைய செய்தியில் ஒரு திருத்தம்

பெரியவர் சதக்கு மரைக்காயர் கண்மூடிய
நாற்பத்தோராம் நாள்
அலுவலகத்தின் நடுவே ஜிப்சம் சுவர் எழுந்தது.
பத்திரிகை மூத்தவருக்கு,
பண்பலை இளையவருக்கு.
கழிப்பறை பத்திரிகைப் பக்கம்,
தேநீர் இயந்திரம் வானொலிப் பக்கம்.
அளவெடுத்தவனின் நாடாவுக்குக் குறுக்கே நின்றதால்
பிழைதிருத்தும் என் மேசை
என்னோடு சேர்த்து ஒரு முழம் நகர்த்தப்பட்டது.

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு, மூன்றாம் மாடி.
'கடல்முரசு' பெயர்ப்பலகைக்கு
இப்போது இரண்டு மின்மீட்டர்.
கடல் எரிகிறது.
முரசுக்கு இன்னும் பில் கட்டவில்லை.

அண்ணன் உவைஸ், தம்பி மக்கீன்.
லிஃப்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டால்
மாடி எண்களைப் படிப்பார்கள்.
மூன்றே எண்தான்,
ஆனாலும் தேர்வுக்குப் படிப்பதுபோல.

ஒரு புதன்கிழமை இரவு
சஜ்ஜா கேம்பிலிருந்து வந்தார் கொம்பையா.
சிமெண்ட் காய்ந்த பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
தம்பியின் படத்தை நீட்டினார்.
"சுடலைமணி சார். இருபத்தாறு நாளாச்சு.
போன் அடைச்சுக் கிடக்கு.
ஊரெல்லாம் கடன், எங்கிட்டயும்தான்.
அதைச் சொல்லிக் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன்."

பத்திரிகையில் வரிக்கு இவ்வளவு என்று கட்டணம்.
வானொலியில் இலவசம்,
ஆனால் இந்தப் பக்கத்துத் தாள்
அந்தப் பக்கம் போகக்கூடாது.
விலைப்பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டு
நாலு வரி எழுதிப் பக்கத்தில் ஏற்றினேன்.
நகலை மடித்து
ஏசிக் குழாய்க்காக விட்ட ஓட்டையில் தள்ளினேன்.
மறுபக்கத்திலிருந்து அறிவிப்பாளர் ஜெசிந்தா
பாதிக் குவளை தேநீர் தள்ளினாள்.
எங்கள் கடத்தல் தொழில் அவ்வளவுதான்.

காலையில் மூன்றாம் பக்கம்:
'காணவில்லை. பெயர் கொம்பையா. ஊர் விளாத்திகுளம் பக்கம்.
தேடித் தவிப்பவர் தம்பி சுடலைமணி.'
படம் தம்பியுடையது.
பெயர் அண்ணனுடையது.
பதினாறு வருடம் சந்திப்பிழை பொறுக்கிய கண்
இரண்டு ஆட்களை
இடம் மாற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தது.
ஜெசிந்தாவும் அதையே வாசித்தாள்,
மணிக்கொரு தடவை, குரல் தழுதழுக்க.

பத்து மணிக்குள் பதினேழு அழைப்பு.
"கொம்பையாவா? இந்தா பக்கத்துலதான்
ரொட்டி பிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."
"நேத்து எங்கிட்ட பிளேடு கடன் வாங்குனவரு
எப்படிங்க காணாமப் போவாரு?"
"படத்துல ரொம்ப இளமையா இருக்காருன்னு சொல்லுங்க."

பிழை வானொலிப் பக்கம் என்றார் மூத்தவர்.
பிழை அச்சிலிருந்து வந்தது என்றார் இளையவர்.
சுவரின் இருபுறமும் ஒரே தொண்டைச் செருமல்,
பெரியவர் விட்டுப்போன சொத்தில்
பத்திரத்தில் ஏறாதது.

பதினெட்டாவது அழைப்பு
தைத் தாண்டி ஏதோ பேரீச்சைத் தோட்டத்திலிருந்து.
தண்ணீர் மோட்டார் இரைந்தது.
ஓர் ஆடு கத்தியது.
"ரேடியோல சொன்னாங்க...
எங்கண்ணன் எப்பலேர்ந்துங்க காணோம்?
யாரு கடைசியாப் பாத்தது?
நான் தம்பிதான் பேசுறேன்."

தன்னைத் தேடுகிறார்கள் என்று கேட்டிருந்தால்
ரேடியோவை அணைத்திருப்பான்.
ஜெசிந்தா ஓட்டை வழியே என்னைப் பார்த்தாள்.
"லைன்லயே இருங்க தம்பி" என்றாள்.
பட்டுப்புடவைத் தள்ளுபடி விளம்பரம்
நாற்பது நொடி ஓடியது.
அதற்குள் கொம்பையாவின் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம்.
அவர்கள் பேசியதை நாங்கள் ஒலிபரப்பவில்லை.
முதல் இரண்டு நிமிடம்
பேச்சென்று எதுவும் இல்லை,
மோட்டார் மட்டும்.

எனக்கு இந்தப் பக்கம் ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள்,
ஜெசிந்தாவுக்கு அந்தப் பக்கம்.
கலந்து பேசாமலே ஒரே தொகை.
திருத்தம் எழுதச் சொன்னார் மூத்தவர்.
எழுத உட்கார்ந்தேன்:
'நேற்றைய இதழில் காணவில்லை என வெளியானவர்'
அதற்குப் பிறகு
யார் பெயரைப் போடுவதென்று தெரியவில்லை.

இரவு பதினொன்று.
நடைவழியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம்.
லிஃப்ட் வந்தது.
கதவு ஒரே ஒருமுறை திறந்து மூடியது.