இது காலி அல்ல

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வரைபடம் செருகியிருக்கிறது.
அதில் இலங்கை என் உள்ளங்கை நீளம்.
வருகிறவர்கள் விரலால் அளக்கிறார்கள்.
கட்டைவிரல் கொழும்பில், சுட்டுவிரல் சிகிரியாவில்:
"பத்து மணித் தேநீருக்குத் திரும்பிவிடலாம்தானே?"
திரும்பலாம், நேற்றே புறப்பட்டிருந்தால்.
இதை நான் சொல்வதில்லை.
கார் எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்பேன்.

கோட்டை எங்கே என்கிறார்கள்.
இடித்துவிட்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.
கோட்டை ரயில் நிலையம் புறக்கோட்டையில் இருக்கிறது என்றால்
பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.
கறுவாத்தோட்டத்தை மணந்து பார்க்கப் போன பிரெஞ்சுக்காரர்
பஸ் புகையோடு திரும்பினார்.
மவுண்ட் லவீனியாவில் ஏறுவதற்கென்றே
ஒருவன் புதுச் சப்பாத்து வாங்கி வந்திருந்தான்.
அங்கே ஏறியிருப்பது அறை வாடகை மட்டும்.

போன கிழமை ஹில்டேகார்ட் என்றொருத்தி
முதுகுப் பையைக் கழற்றாமலே கேட்டாள்,
டச்சுக்காரரின் மதில் எந்தப் பக்கம்?
காலிமுகம் என்று வாசித்து அறை எடுத்திருக்கிறாள்.
காலி இன்னும் நூற்றிருபது கிலோமீட்டர் தெற்கே.
இது காலி அல்ல, அதைப் பார்த்திருக்கும் முகம் மட்டும் என்றேன்.
கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்தாள்.
பிறகு, முகம் கழுவ எங்கே என்று கேட்டாள்.

சென்னிமலை திருப்பூர்க்காரர்.
புறக்கோட்டையில் பனியன் கணக்குத் தீர்க்க வந்தவர்.
வேலை முடிந்து நான் கடலோரமாக நடக்கையில்
இறால் வடைத் தாளை உள்ளங்கையில் ஏந்தி நின்றிருந்தார்.
"ஏனுங்க, அங்க தெரியறது
நம்ம ராமேஸ்வரம் வெளிச்சந்தானுங்களே?"

துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல்
வெளியே காத்துக் கிடக்கும் சரக்குக் கப்பல்கள்.
அந்தப் பக்கம் நேரே போனால் மாலைதீவு,
அதையும் தவறவிட்டால் சோமாலியா.
அவருடைய ஊர் அவருடைய வலது காதுப் பக்கம்.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கைப்பேசியை உயர்த்தி
மனைவிக்குக் காட்டத் தொடங்கிவிட்டார்.
"பாரு, கூப்பிடு தூரந்தான்.
மூணாவது விளக்கு, நல்லா மஞ்சளா, அதுதான் கோயிலு."
"தெரியுது, தெரியுது" என்றது அந்தச் சின்னக் குரல்.
கோயில் எந்த நாட்டுக் கொடியோடு நின்றதோ.

நான் மட்டும் என்ன.
தம்பி பேர்கனில் இருக்கிறான்.
ஒஸ்லோவுக்கு மாமி மகள் வந்திருக்கிறாளாம்,
பின்னேரம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன்.
சிரித்து முடிக்கவே அவனுக்கு நேரம் எடுத்தது.
"அக்கா, ரயிலில் ஏழு மணித்தியாலம்."

யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு
நானும் அதையேதான் சொல்கிறேன்:
ஏழு மணித்தியாலம், ரயில் பிந்தாவிட்டால்.
எனக்கு ஆறு வயதில்
அது திருகோணமலையில் கப்பலுக்குப் பதிந்துவிட்டு எட்டு நாள்,
பாடசாலைத் தரையில் தூக்கம்,
பிறகு ஒரு முழு இரவு அம்மாவின் வாந்தி.
தம்பி பால்மாப் பேணிக்குள் கல் சேர்த்தான்.
வரைபடத்தில் அப்போதும் அதே மூன்று விரற்கடை.
கேட்டவர் நன்றி சொல்லி
தாமரைக் கோபுரத்துக்கு நடந்தே போகலாமா என்கிறார்.
எங்கே நின்றாலும் பக்கத்தில் தெரியும், அதை நம்பாதீர்கள் என்கிறேன்.

காலையில் சென்னிமலை அறைச் சாவியைத் தந்தார்.
விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக
இறங்கச் சொன்னேன்.
"முப்பது கிலோமீட்டருக்குங்களா?
நேத்து ராமேஸ்வரத்தையே பாத்துட்டனுங்க!"
விமானத்தைப் பிடித்தாரோ தெரியாது.

இன்றிரவும் கடலோரமாக வந்தேன்.
காற்று பலம், பட்டம் விற்பவன் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
இடமிருந்து எண்ணினேன், பிறகு வலமிருந்து.
ராமேஸ்வரத்தில் மூன்றாவது விளக்கைக் காணவில்லை.
உள்ளே எடுத்துவிட்டார்கள் போல,
பாரந்தூக்கிகளுக்குக் கீழே.