நள்ளிரவுப் பங்கு

சுவர்போல் எழும்பி நிற்கிறது மேற்கே மலை.
உச்சியில் குளிர், உருளைக்கிழங்கு, செம்மறி.
இடையில் வெள்ளாடும் யோசித்துக் கால்வைக்கும் சரிவு.
அடியில் நாங்கள்,
கேரியோ ஆறு முதலைகளோடு படுத்துக்கிடக்கும் வெக்கையில்.
பெய்கிற மழையெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு.
எங்களிடம் அது
வாய்க்காலாகத்தான் இறங்கி வரும்.

வெட்டியது யார் என்று கேட்டால்
குலத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள்,
சண்டையும் வரும்.
பாறை பிளந்து தொங்கும் இடத்தில்
கட்டையும் புல்லும் சேறும் அடைத்து
தண்ணீரை அந்தரத்தில் நடக்க விட்டிருக்கிறார்களாம்.
நான் பார்த்ததில்லை.
அத்திமரத்துக்கு மேலே பெண்கள் போவதில்லை.
போனால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும்.
அதன் அழுக்குத் துணியை நான் துவைக்கிறேனா என்ன,
கோபித்துக்கொள்ள?

எங்கள் வீட்டுப் பங்கு
வியாழன் நள்ளிரவிலிருந்து விடிவெள்ளி வரை.
யானோ மலாபா சாலையில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார்,
ஆகவே பங்கு என்னுடையது,
மண்வெட்டி என்னுடையது,
கால் கொப்புளமும்.
ஒரு பாத்தி கேழ்வரகு, இரண்டு பாத்தி பாசிப்பயறு,
நாற்பத்தோரு ஒட்டு மாமரம்.
எல்டொரெட்டிலிருந்து வரும் தரகன்
காய்க்கு ஐந்து ஷில்லிங் என்பான்.
அவன் லாரி வராத வாரம்
காய் ஆடுகளுக்கு.
எங்கள் ஆடுகள் மாம்பழம் தின்று
முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டன.

அந்த வியாழன்
மடையைத் திறந்த ஒரு மணி நேரத்தில்
தண்ணீர் இளைத்தது.
நூலானது. பிறகு வெறும் ஈரம்.
பிறகு தவளைகள் மட்டும்.
சுதெரின் மடையை விரலால் தடவிப் பார்த்தேன்,
அடைத்துத்தான் இருந்தது.
சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்,
பாதி மன்னிப்பு.

ஆண்கள் எல்லாரும் மேல்நாட்டில் ஒரு சாவுக்கு.
மிச்சமிருந்தது சுதெர்தான்,
கண்ணில் புரை, வயிற்றில் தேன்கள்.
எனக்கு அடுத்த பங்கு அவருடையது,
அதனால் எழுந்தார்.

அத்திமரம் வரை சேர்ந்து நடந்தோம்.
அதற்கு மேல் அவர் ஏறினார்,
நான் வேரில் உட்கார்ந்தேன்.
கற்கள் உருண்டன, கெட்ட வார்த்தைகள் உருண்டன.
"பாறை விழுந்திருக்கிறது, எங்கே குத்துவது தெரியவில்லை!"
"தண்ணீர் எப்படிச் சத்தம் போடுகிறது?" என்று கத்தினேன்.
"விக்குகிறது."
"விக்கினால் அடியில் வழி இருக்கிறது.
இடது ஓரம், கீழாகக் கடப்பாரையை விடு.
அசைக்காதே. சாய்."

பதினாறு வருடம்
இருட்டில் அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான்.
கட்டை ஊறினால் ஒரு மாதிரி இருமும்,
இலை அடைத்தால் வேறு மாதிரி.
கால் போகக்கூடாது என்றுதான் சொன்னார்கள்.
குரலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு முன்னால்
அது ஓடி வந்துவிட்டது வயலுக்கு.
முதல் வரிசை மா குடித்து முடிக்கும்போது
சுதெர் வந்து வரப்பில் அமர்ந்தார்,
முழங்காலில் ரத்தம், கையில் தன் மண்வெட்டி.
"வெள்ளி முளைத்துவிட்டது, ஜெசாங்."
முளைத்திருந்தது.
"அது டவர் விளக்கு" என்றேன்.

புரைக் கண்ணைச் சுருக்கிக் கிழக்கே பார்த்தார்.
டவர் இருப்பது மேற்கே, மலைமேல்.
சிறுவயதிலிருந்தே அவருக்கும் தெரியும்
எந்தப் பக்கம் எது என்று.
நெடுநேரம் பார்த்தார்.
"டவர்தான்" என்றார்,
மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

பயறு நனைந்தது. கேழ்வரகு பாதி.
கடைசி மூன்று மரங்களுக்கு எட்டவில்லை,
அதற்குள் நானே அடைத்து
அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.
தொலைபேசியில் யானோ கேட்டிருந்தார்:
தண்ணீர் வந்ததா? காய் என்ன விலை?
வந்தது என்று மட்டும் அனுப்பினேன்.
சுதெர் குறட்டை விட்டார்.
அவர் வயலில்
அவரில்லாமலே நிறைந்துகொண்டிருந்தது.