அறுபது நொடி

இந்த ஆண்டு மஞ்சள் சுவர் கூடாது என்று
துறைத்தலைவர் பலகையில் எழுதிவிட்டார்.
காகிதப்பூ கூடாது.
கடற்கரைச் சாலையில் தனியாக உட்கார்ந்து
எதையோ யோசிக்கும் இளைஞன்
கூடவே கூடாது.

அப்புறம் புதுச்சேரியில் என்னதான் சார் மிச்சம்
என்றான் பெர்க்மான்ஸ்.
அவன் வீடே மஞ்சள்.

அப்படித்தான் காலாப்பட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி
கடலூர் முதுநகர் வந்து சேர்ந்தோம்.
ஐந்து பேர், ஒரு கேமரா,
பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கிய மூன்று லென்ஸ்.
கீறல் விழுந்தால் ஒரு செமஸ்டர் கட்டணம்.
ரிஸ்வானா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
கிருமாம்பாக்கத்தின் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்தாள்.

நான் ஒலி.
படமா எடுக்கிறாய் என்று கேட்கும் சித்திகளிடம்
இல்லை, கேட்கிறேன் என்பேன்.
பாவம், மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி.
உள்ளே போனதும் அம்மோனியா கண்ணைக் கரித்தது.
கதை இதுதான்:
படிப்பை விட்டுவிட்டேன் என்று
மகன் அப்பாவிடம் வந்து சொல்கிறான்.
அப்பா, அங்கேயே வேலை பார்க்கும் மாயவன்.
பார் ஐஸைக் கொக்கியால் இழுத்தபடி
"அப்புறம்?" என்பார்.
பதினோரு டேக்கிலும் அதே அப்புறம்,
அதே எடை.
வசனம் மறந்ததெல்லாம்
நடிப்புப் பட்டறைக்குப் போய்வந்த மகனுக்கு.

கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே இருந்தது.
ஒவ்வொரு சொல்லிலும் அதன் துரு.
ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா என்று கேட்டதற்கு
மேனேஜர் சிரித்தார்.
"போட்டு வர்ற நேரம் தம்பி.
மீனுக்கு யாரு பதில் சொல்றது?"

எந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன்னும்
அதன் மௌனத்தை அறுபது நொடி பதிவு செய்துகொள்:
முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தந்தது.
வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை.
நூலகத்தின் மௌனத்தைக் கொண்டுபோய்
சமையலறைக் காட்சியில் வைத்தால்
காது கண்டுபிடித்துவிடும்.
தேர்வில் எழுதி ஐந்து மதிப்பெண்ணும் வாங்கினேன்.
நம்பியதில்லை.

நாலு இருபதுக்குக் கரண்ட் போனது.

கம்ப்ரஸர் முனகி, இழுத்து,
ஒருமுறை உதறி
நின்றது.
இருட்டில் நான் ஒரு கையைத் தூக்கினேன்,
யாரும் அசையாதீங்க.
மறுகை சிவப்புப் பொத்தானில்.

ஹெட்போனுக்குள்
எங்கோ குழாயில் ஒரு சொட்டு.
தொட்டிக்குள் ஐஸ் விரியும் கீறல் சத்தம்.
பெர்க்மான்ஸின் முழங்கால் மடங்க ஆசைப்பட்டது
அதுகூடக் கேட்டது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
நாற்பத்தொன்றில் மாயவன் வாயைத் திறந்தார்.

"நின்னுடுச்சா?"

ஆமாண்ணே.

"எனக்கு ஓடிக்கிட்டுதானே இருக்கு."

சுண்டு விரலைக் காதில் விட்டுக் குடைந்தார்.
"வூட்லயும் ஓடும். தூங்கயிலயும்.
கரண்டு கம்பெனிக்குத்தான் போவும்" என்று
சிரித்துவிட்டு
பீடி பற்றவைக்க வெளியே போனார்.
ரிஸ்வானா 'கட்' என்றாள்,
எதுவும் ஓடாத கேமராவைப் பார்த்து.

எடிட்டிங் அறையில் ஏசி வேலை செய்யவில்லை.
கிடைத்த நாற்பத்தொரு நொடியைத்
திருப்பித் திருப்பி ஒட்டினேன்.
அவர் பேசத் தொடங்கும் முன்னான மூச்சு
எவ்வளவு வெட்டியும்
முனையில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

பிறகு ஒன்று செய்தேன், யாரிடமும் சொல்லாமல்.
மகன் முகம் வரும்போது மௌனம்.
அப்பா முகம் வரும்போது
அதன் அடியில்
கம்ப்ரஸர்,
கேட்டும் கேட்காத அளவில்.

திரையிட்ட அன்று துறைத்தலைவர்
பேனா மூடியால் காதைத் தட்டினார்.
"இங்கே ஒரு ஹம் வருது. விட்டு விட்டு வருது.
சுத்தம் பண்ணலையா?"

வந்த இடம் எல்லாம்
சரியாகத்தான் குறித்திருந்தார், நொடி சுத்தமாக.

இல்லை சார் என்றேன்.
ஒலிக்கு இருபதில் பதினொன்று.