உள்வரும் நீரின் வெப்பம்

இலையுதிர்காலம் என்று எழுத
உதிர்வதற்கு இங்கே இலை இல்லை.
பேரீச்சை எதையும் தானாகக் கீழே போடாது.
காய்ந்த மட்டையைக்கூட
முனிசிபாலிட்டி ஆள் ஏறி வெட்டினால்தான் விடும்.

ஜுபைலில் பருவம் எனக்கு
ஓர் எண்ணாக வருகிறது.
கடலைக் குடிநீராக்கும் ஆலை,
மூன்றாம் யூனிட், இரவு ஷிப்ட்.
திரையின் இடது மூலையில்
உள்வரும் நீரின் வெப்பம்.
ஆகஸ்ட் முழுக்க முப்பத்தைந்து.
நேற்று முப்பத்தொன்று.
இன்று விடியலுக்கு முன்
இருபத்தொன்பது புள்ளி எட்டு.

பக்கத்து நாற்காலி மிஷாலிடம் காட்டினேன்.
"சுஹைல் வந்து மாசமாச்சே" என்றான்,
ஜன்னலே இல்லாத சுவரில்
தெற்கு எதுவென்று கைநீட்டி.
அந்த நட்சத்திரம் எங்களுக்கு அகத்தியர்,
குள்ளமான ஆள்,
ஒரு கடலையே குடித்தவர் என்றேன்.
யோசித்துவிட்டுக் கேட்டான்:
"உப்பை எங்கே விட்டார்?"

கோடை முழுக்க என் யோகம்
இரண்டு கட்டில்களுக்கு நடுவே
ஒரு பாய் அகலம்.
காலைச் சுவரில் சாய்த்து
நாக்கைக் குழாயாகச் சுருட்டிச் சீதளி,
பதினெட்டு முறை.
அதற்கு மேல் உடம்பு ஒப்பவில்லை.
ஐந்து மணிக்கே கழுத்தைப் பிடிக்கிறவனுக்கு
நமஸ்காரம் ஒரு கேடா என்று
சூரியனை விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும்
நாக்கை உள்ளே வைத்தாயிற்று.
இப்போது வலது நாசியில் இழுத்து
இடதில் விடுகிறேன், மெதுவாக.
பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடி.
பனியில் சிமெண்டு நனைந்திருக்கிறது,
ஊன்றிய உள்ளங்கையில் தூசி சேறாகிறது.
மூன்று சுற்றுக்கே முழங்கால் பேசியது.
ஏப்ரலில் எங்கே நிறுத்தினேனோ
அங்கேயே நிற்கிறது
தொடையின் பின்நரம்பு,
பூட்டிய கடை வாசலில் வாடிக்கையாளன் போல.

தூசிக்காக மூக்கும் கழுவுகிறேன்.
நாங்கள் உப்பெடுத்த தண்ணீரில்
ஒரு சிட்டிகை உப்பை
கடையில் வாங்கிப் போட்டு.
மிஷாலிடம் இதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு விடுப்பு இரவு
ரஃபிகுல் எழுந்து ஏசியை அணைத்தான்,
குளிர்கிறது என்று.
ஆறு மாதம் ஓடிய இரைச்சல்
சட்டென்று அறையைவிட்டு வெளியேறியது.
முதன்முறையாக
எங்கள் நாலு பேரின் மூச்சு கேட்டது.

மூன்று கேட்டது என்று சொல்வதே சரி.
கீழ்க்கட்டிலில் நெய்னா முகமது
இழுத்தவர் விடவில்லை.
எண்ணுவது எனக்குப் பழக்கம்,
எண்ணினேன்.
எட்டு. பன்னிரண்டு.
பதினாறைத் தாண்டிக் கும்பகம் வேண்டாமென்று
என்னிடமுள்ள புத்தகத்தில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.
இருபது.
இருபத்திமூன்றில்
காற்றுப் பிடித்த பம்பு போல
உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

கோடை முழுக்க இப்படித்தான்
நின்று நின்று போயிருக்கிறார்.
மேல்கட்டிலில் நான்
என் மூச்சைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இறங்கித் தோளைத் தள்ளினேன்.
கனமான மனுஷர்,
இரண்டாவது தள்ளலில்தான் ஒருக்களித்தார்.
"நேரமாச்சா?" தூக்கத்திலேயே.
இல்லை, தூங்குங்க.

காலையில் சொன்னால் நம்பவில்லை.
"நான் நல்லாத்தானே தூங்கினேன்,
நீங்கதான் முழிச்சிருக்கீங்க."
பிறகு தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி,
"இதையெல்லாம் மெடிக்கல் ரிப்போர்ட்டில்
எழுதிடுவாங்களா?"
தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

சனிக்கிழமை கிளினிக்.
அதுவரை ஏசி வேண்டாம் என்று
ரஃபிகுலிடம் கெஞ்சியிருக்கிறேன்.
நேற்று மறுபடி புழுங்கியது.
அவன் பாயை எடுத்துக்கொண்டு
மாடிக்குப் போய்விட்டான்,
என் பாயை.