இவண்

தலவாக்கலையில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
இரும்புப் படி ஏறினால் எங்கள் அச்சகம்.
மூன்று வாரமாய் ஒரே முகத்தை
பத்தடிக்கு எட்டடியாய் இழுத்துக்கொண்டிருந்தேன்.
பல்லை இன்னும் வெளுக்கச் சொன்னார்கள்.
வெளுத்தேன்.

கீழ் ஓரத்தில் எங்கள் பெயர், விலாசம்,
எறும்பளவு எழுத்தில்.
அச்சடித்தது யாரென்று
ஊருக்குத் தெரியவேண்டுமாம்.

அதற்கு மேலே ‘இவண்’ என்று தட்டி
இரண்டு புள்ளி வைத்துக் காத்திருந்தேன்.
கர்சர் துடித்தது.
காசு கொண்டுவந்தவர் பல்குத்திக்கொண்டே சொன்னார்:
‘நலன்விரும்பிகள்னு போடும்மா.’
எத்தனை பேர் சேர்?
‘அட, பன்மைதானே. போடு.’

நோட்டுக்கட்டில் மரத்தூள் வாசம்.
பில் புத்தகத்தின் மேல் முதலாளி
டீக் கோப்பையை வைத்திருந்தார்.
எடுக்கவில்லை.

அன்று சாயந்தரம்
மேல்கணக்கில் மழை.
அக்காவின் கொழுந்து இரண்டு கிலோ குறைந்து
செக்ரோலில் அரைப்பேர் விழுந்தது.

மாரியம்மன் திருவிழாக் கணக்கையும்
நான்தான் அடித்தேன், மாசியில்.
லயம் லயமாக, காம்பிரா நம்பரோடு,
ரெண்டு தேங்காய் கொடுத்த வெள்ளைச்சாமி வரைக்கும்.
‘ஒன்னுன்னு போட்டிருக்கீங்க’ என்று
படியேறி வந்து சண்டை பிடித்தார்.
நியாயம்தான்.
இருநூறு நோட்டீசும் மறுபடி அடித்தோம்.

முகம் ஜெயித்தது.
இருபத்தொரு நாள் கெடுவில் பத்தொன்பதாம் நாள்
பில் கேட்டு வந்தார்கள்.
முதலாளி எழுதினார்: பேனர் நாற்பது.
அவருக்கு அழகான கையெழுத்து.

முந்நூறு.
ஒவ்வொன்றிலும் எட்டுக் கண்,
துளைத்து ஐலெட் இறுக்கியது இந்தக் கை.
ஐந்நூறு கொண்ட பெட்டி ஐந்து உடைத்தேன்.
ஐந்தாவதில் நூறு மிச்சம்.
பெருவிரலில் இன்னும் தோல் உரிகிறது.

நுவரெலியாவில் பனி.
காசு கட்டினால் கோப்பைப் பார்க்கலாம் என்றார்கள்.
கட்டினேன்.
பார்க்கக் கொடுத்த காசுக்கு
என் பேரில் ரசீது, அடையாள அட்டை நம்பரோடு.

நாற்பதாம் பக்கமோ என்னவோ,
எங்கள் பில் இருந்தது.
டீக் கறையும் இருந்தது, அரை வட்டமாய்.
பணம் வந்த வழி என்ற இடத்தில்
நான் தட்டிய அதே சொல்.
பன்மையில்.

முறைப்பாடு கொடுக்கணும் என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.
‘தமிழ்ப் படிவம் முடிஞ்சிபோச்சி’ என்று
சிங்களத்தில் ஒன்றை நீட்டினார் கிளாக்கர்.

முதல் கோட்டில் ‘நம’.
பேர்தான். அது தெரியும் எனக்கு.
முதலாளியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைகாசியில்.
இரும்புப் படி.
இந்த மாதச் சம்பளம்.
நலன்விரும்பி என்று போட்டுவிட்டால் என்ன?
பொய்யில்லையே.

பேனாவை மேசையோடு நூலில் கட்டியிருந்தார்கள்.
எழுந்து, குனிந்தால்தான் எட்டியது.
முத்துக்கருப்பன் என்று
அப்பாவை எழுதி முடிப்பதற்குள்
கோடு தீர்ந்துவிட்டது.
சந்திரகாந்தி என்பதை
தாளின் ஓரத்தில் திருப்பி எழுதினேன்,
எறும்பளவு எழுத்தில்.